லோடு ஏற்றினால் எவ்வளவு மைலேஜ்? உங்கள் பிக்கப் வாங்கியவனின் புகார்

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 10.03.2025

பொருள்: விற்கும்போது சொன்ன மைலேஜும் ஓடும்போது கிடைக்கும் மைலேஜும் – நிவாரணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2024 ஜூலையில் உங்கள் நிறுவனத்தின் ஒன்றரை டன் டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினேன். வண்டி எண், சேசிஸ் எண், பில் நகல் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஷோரூமிலும் சர்வீஸ் சென்டரிலும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பதில் கிடைக்காததால் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

என் தொழில் இதுதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சாயங்காலம் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூருக்கு விடிவதற்குள் கொண்டு போய் இறக்க வேண்டும். தக்காளி, முருங்கை, வெண்டை, சின்ன வெங்காயம் என்று கலந்து ஏறும். போகும்போது சுமார் 200 கிலோமீட்டர் லோடு, திரும்பும்போது அதே 200 காலி வண்டி. மாதம் 14 நடை. வண்டி ஒன்றுதான், ஓட்டுவதும் நான்தான்.

இதற்கு முன் வைத்திருந்த பழைய பிக்கப் இதே ரோட்டில், இதே லோடுக்கு, போய்வர லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது. அது ஓடாமல் நின்று போகவில்லை. உங்கள் வண்டி 16.4 கொடுக்கும் என்று உங்கள் விளம்பர நோட்டீஸில் எழுதியிருந்ததை நம்பித்தான் அதை விற்றேன்.

ஷோரூமில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். விற்பனைப் பிரதிநிதி உங்கள் நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டார். "அண்ணே, உங்களுக்குப் போய்வர 400 கிலோமீட்டர். 16.4-ஆல் வகுத்தா 24 லிட்டர் சொச்சம். இப்ப பழைய வண்டியில 33 லிட்டர் ஊத்துறீங்க. ஒரு நடைக்கு 9 லிட்டர் மிச்சம், மாசத்துக்கு 14 நடை. டியூல பாதி அதுலயே வந்துடும்ண்ணே" என்றார். நான் லோடு அடிக்கிறவன் என்று தெரிந்துதான், என் திருச்சூர் நடையை வைத்துத்தான் அந்தக் கணக்கைப் போட்டார். முன்பக்கத்தில் 16.4 என்பது கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிதாக இருக்கிறது. அதற்கு மேல் கடுகு அளவு ஒரு நட்சத்திரம், அந்த நட்சத்திரத்துக்கான விளக்கம் கடைசிப் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில். கணக்குப் போட்ட அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஷோரூம் முத்திரை அதில் இருக்கிறது. நகல் அனுப்பியிருக்கிறேன், தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

வண்டி புதிது, இன்ஜின் இளகட்டும் என்று முதல் இரண்டு மாதம் பொறுத்தேன். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை 84 நடைக்கும் நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஒரே பங்க், ஒரே பம்ப். நாசில் தானாக 'டக்'கென்று நிற்கிற இடத்தோடு நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்றச் சொன்னதில்லை. கிலோமீட்டர், லிட்டர், பில் எண் மூன்றும் எழுதியிருக்கிறேன். டயர் காற்று கதவில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வாரம் ஒருமுறை. லோடு எடைமேடைச் சீட்டுப்படி 1,350 முதல் 1,420 கிலோ வரை. நீங்கள் அனுமதித்த 1,500 கிலோவை ஒரு நடையில்கூடத் தாண்டவில்லை. 65-க்கு மேல் ஓட்டுவதும் இல்லை. தக்காளிப் பெட்டி அதற்கு மேல் தாங்காது.

84 நடையின் சராசரி லிட்டருக்கு 11.2 கிலோமீட்டர். பழைய வண்டி கொடுத்ததைவிடக் குறைவு.

எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள, 12 நடைக்குத் திருச்சூரிலும் டேங்கை நிரப்பிப் பார்த்தேன். கேரளாவில் டீசல் விலை கூட, யாரும் அங்கே விரும்பி ஊற்ற மாட்டார்கள். கணக்குக்காகச் செய்தேன். லோடோடு போகும்போது 9.8, காலியாகத் திரும்பும்போது 13.1. அதாவது ஒரு தக்காளிப் பெட்டிகூட இல்லாமல் வெறும் வண்டியாக ஓட்டினாலும் உங்கள் 16.4 வரவில்லை. டேஷ்போர்டில் சராசரி காட்டும் இடத்தில் 12.6 என்று இருக்கிறது. அதுவும் டேங்க் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

இது மலைப்பாதையும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகிற ரோடு இது, மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறாமலே தாண்டலாம். முன்பு பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே குதிரானில் ஓர் ஏற்றம் இருந்தது. 2021-இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தத் தொல்லையும் போனது. லோடு வண்டிக்கு இதைவிட நல்ல ரோடு நம் பக்கத்தில் கிடைக்காது.

சர்வீஸ் சென்டரில் முதலில் "ஓட்டுற விதம்" என்றார்கள். 22 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன் ஐயா. அந்த வார்த்தை எனக்கு வலித்தது. அடுத்த முறை, புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க வண்டி அவ்வப்போது கூடுதல் டீசல் எடுக்கும் என்றார்கள். சரி, இருக்கட்டும். அப்படியானால் அதையும் சேர்த்துத்தானே மைலேஜ் சொல்லியிருக்க வேண்டும்? மூன்றாவது முறை கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு "எந்தக் கோளாறும் இல்லை, எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டும் இணைப்பில் இருக்கிறது. எல்லா வண்டியும் இப்படித்தான் என்றால், எல்லோருக்கும் ஏன் 16.4 என்று சொல்கிறீர்கள்?

அந்த 16.4 எப்படி வருகிறது என்று ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த என் அண்ணன் மகன் விளக்கினான். வண்டியை ஓர் அறைக்குள் ரோலர் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். மொத்தம் சுமார் 20 நிமிடம். ஊருக்குள் ஓட்டுவது போல நான்கு சுற்று, பிறகு நெடுஞ்சாலை போல ஒரு சுற்று. அதில் உச்ச வேகம் 90. ஏசி கிடையாது. ஓட்டுநருக்கு என்று சிறு எடை சேர்ப்பதோடு சரி, முழு லோடு கணக்கில் வராது. இது அரசு ஏற்ற சோதனை, அதில் நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கார் வாங்குகிறவர் காலியாகத்தான் ஓட்டுவார். பிக்கப் வாங்குகிறவன் லோடு ஏற்றத்தானே வாங்குகிறான்? அவனுக்கு லோடில்லாத மைலேஜை மட்டும் சொன்னால், அவன் பிழைப்புக்கு வேண்டிய எண்ணை மறைத்ததாகத்தான் ஆகும்.

உண்மையான ரோட்டு எண் உங்களிடம் இல்லை என்றும் என்னால் நம்ப முடியவில்லை. 2023 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் இரண்டாம் கட்டத்தின்படி வண்டியை ரோட்டிலேயே ஓட்டி, பின்னால் கருவி கட்டி, புகையை அளக்கிறீர்கள். அந்தக் கருவி கரியமில வாயுவையும் அளக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். அதை வைத்தே எத்தனை லிட்டர் எரிந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் பிக்கப் அதிகம் விற்கும் கம்பெனிகள்கூட, எடை மிகுந்த வகைகள் தவிர மற்றவற்றுக்கு, ஊருக்குள் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு என்று கண்ணாடியிலேயே தனித்தனியாக ஒட்டுகின்றன. 2008 மாடலிலிருந்து ஏசி போட்டு, வேகமாக ஓட்டி, குளிரில் ஓட்டிப் பார்ப்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். இங்கே நமக்கு ஒரே எண், ஒரு நட்சத்திரம்.

இனி நஷ்டத்தைச் சொல்கிறேன். 400 கிலோமீட்டருக்கு 24.4 லிட்டர் ஆக வேண்டியது, 35.7 லிட்டர் ஆகிறது. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நடைக்குச் சுமார் 1,040 ரூபாய் கூடுதல். 84 நடைக்கு 87,000-க்கு மேல். உங்கள் எண்ணை நம்பி, வண்டி எடுத்த மாதமே திருச்சூர் மண்டிக்காரரிடம் ஒரு வருடத்துக்கு வாடகை பேசி முடித்துவிட்டேன். பேசின வாடகையைப் பாதியில் ஏற்றிக் கேட்க வாய் வரவில்லை. டிசம்பரில் கூட வந்துகொண்டிருந்த பையனை நிறுத்தினேன். அவனுக்குப் பேட்டா கொடுக்க மிச்சமில்லை. இரவெல்லாம் ஓட்டிவிட்டு, விடியற்காலை நானே பெட்டி இறக்குகிறேன். அந்தப் பையனின் அம்மா வீட்டுக்கே வந்து, "என்ன தப்புண்ணே செஞ்சான்?" என்று கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

நான் கேட்பது இதுதான். உங்கள் இன்ஜினியர் ஒருவர் என்னோடு ஒரு நடை வரட்டும். அவர் கண்முன்னே எடை போட்டு, டேங்க் நிரப்பி, போய்வந்து அளப்போம். வண்டியில் கோளாறு தெரிந்தால் உங்கள் செலவில் சரிசெய்யுங்கள். கோளாறு இல்லை என்றால், இந்த லோடுக்கு இதுதான் மைலேஜ் என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள். சோதனை அறைக்கும் ரோட்டுக்கும் பத்து சதவீதம் வித்தியாசம் இருந்தால் நான் கேட்கவே மாட்டேன். இங்கே மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்தப் பத்து சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதி நஷ்டத்தைத் தாருங்கள். அப்புறம், இனி அடிக்கும் நோட்டீஸில் காலி வண்டிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று என்று இரண்டு எண்ணையும் ஒரே அளவு எழுத்தில், தமிழில் போடுங்கள்.

இது வணிக வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஷோரூம் மேலாளர் சொன்னார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவைப் படித்துப் பார்த்தேன். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராகத்தான் வைத்திருக்கிறது. நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடவும் அது வழி தருகிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஒரு நாள் போனால் ஒரு நடை போகும், அதனால் அங்கே போய் நிற்க எனக்கு ஆசையில்லை.

உங்கள் இன்ஜினியர் வருகிற தேதியை இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். சாயங்காலம் 6 மணிக்கு மார்க்கெட் வாசலில் வண்டி நிற்கும். 7 மணிக்குள் லோடு ஏறி, எடைமேடைக்குப் போய்விடுவோம். இரவுச் சாப்பாடு பொள்ளாச்சியில், என் செலவு.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஒட்டன்சத்திரம்.