காய்ச்சல் என்று சொன்னது பொய்

மேற்கு ஃபுட்ஸ்கிரே,
27 செப்டம்பர் 2016, செவ்வாய் இரவு

மாப்பிள்ளை,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் வழக்கம்போல. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தம்பி சொன்னான், சந்தோஷம். பாப்பாவுக்குப் பள்ளி லீவு. இவளுக்கு முட்டிவலி, எனக்கு வழுக்கை. குசலம் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் இல்லை.

சிட்னியில் நம் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ஆடின ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் ஆட்டத்துக்கு நீ டிக்கெட் எடுத்து வைத்திருந்தாய், ஏர்போர்ட்டுக்குக் கார் கொண்டுவருகிறேன் என்றாய், டூங்காபியில் மீன் குழம்பு வரைக்கும் ஏற்பாடு ஆகியிருந்தது. நான் வெள்ளிக்கிழமை ராத்திரி தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு போனில் பேசினேன். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து உங்கள் சிட்னி ஸ்வான்ஸ் ஆட்கள் இங்கே மெல்போர்னில் எம்சிஜி மைதானத்தில் ஜீலாங் அணியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் ஒரு காது டிவியில் இருந்தது, என் பொய் தப்பித்தது. ஆனால் தங்கச்சி போனை வாங்கி, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் குடியுங்கள் அண்ணா என்றாள் பார், அந்த ரசம்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அவளிடம் நீயே எப்படியாவது சொல்லிவிடு. என்னால் முடியாது.

ஏன் வரவில்லை என்றால் சிரிக்கக் கூடாது. சிரிப்பாய், தெரியும். கணக்கை நீயே போட்டுப் பார். 1997, 1998, 2008, 2009, 2010. கோப்பைக்கான கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின ஆட்டமான பிரிலிமினரி ஃபைனல், ஐந்து. ஐந்துக்கும் நீயும் நானும் எம்சிஜியில் உட்கார்ந்திருந்தோம். ஐந்திலும் தோற்றோம். இப்போது ஆறாவதாக ஒன்று வந்து, அதற்கும் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அது அந்தப் பையன்களுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? நான் பிளேனில் ஏறவில்லை, அவர்கள் ஆறு புள்ளியில் ஜெயித்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் உனக்கு?

இதில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட் அணியோடு ஆடினார்களே, அந்த வியாழக்கிழமை ராத்திரி நான் பாப்பாவின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். 11 நாளுக்கு முன்னால் அதே பெர்த்தில் ஃப்ரீமேண்டிலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், பட்டியலில் ஏழாவது இடத்தில் தொத்திக்கொண்டு ஃபைனல்ஸுக்குள் வந்தவர்கள், மறுபடி ஏன் அவ்வளவு தூரம் போகிறார்கள் என்று நினைத்தேன். 47 புள்ளியில் ஜெயித்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஹாதோர்ன். மூன்று வருடமாகத் தொடர்ந்து கோப்பை வாங்கின ஹாதோர்ன். நான் பேசாமல் இஸ்திரிப் பலகையை ஹாலில் விரித்து, ஏற்கனவே போட்ட துணிகளையே திரும்பப் போட்டேன். 23 புள்ளி. மூன்றாவது வாரம் வீட்டில் துணி தீர்ந்துவிட்டது. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, என் பழைய வேட்டி, பாப்பாவின் புல்டாக்ஸ் ஸ்கார்ஃப் எல்லாவற்றையும் தேய்த்தேன். நாலாவது குவார்ட்டரில் மெக்ரே அடித்தானே ஒரு கோல், அப்போது இஸ்திரிப் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் குதித்திருக்கிறேன். தலையணை உறையில் முக்கோணமாக, ஓரம் காபி நிறத்திலும் நடு கறுப்பாகவும், ஒரு கருகல். இவள் தூக்கிப் போடப் போனாள். விடவில்லை. பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

நீ ஆட்டத்தை நேரிலேயே பார்த்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கிளே ஸ்மித்! மூன்று முறை முட்டி கிழிந்து ஆபரேஷன் செய்த பையன், அந்த வாரம்தான் நண்பனைப் பறிகொடுத்தவன், முதல் பாதியிலேயே நாலு கோல். நான் அப்போது தேய்த்துக்கொண்டிருந்தது திரைச்சீலை, அது கொஞ்சம் நனைந்துபோனது.

சரி, இப்போது அடுத்த குற்றம். இதை எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை மாதம் உனக்குக் கடிதமே போடவில்லை.

நம் வீட்டுக்காரப் பெரியவரைப் போன வருடமே சன்ஷைன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். முதலில் என்னை நீ என்று நினைத்தார், இப்போது யார் என்றே நினைப்பதில்லை. உனக்குச் சொன்னால் உடனே கிளம்பி வருவாய், வந்து அவர் உன்னைத் தெரியவில்லை என்றால் நீ தாங்கமாட்டாய் என்று தள்ளிப்போட்டேன். திட்டிக்கொள்.

1996ல் அவர் நம்மை வெஸ்டர்ன் ஓவல் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? நம் புல்டாக்ஸ் கிளப் ஃபுட்ஸ்கிரே என்ற பெயரில் ஆடிய கடைசி வருடம், 16 அணியில் 15வது இடம். எலும்பைத் துளைக்கிற காற்று. நீ டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட, பக்கத்திலிருந்தவன் அது என்ன பாலும் அரிசியுமா என்று கேட்க, பெரியவர் தன் பையில் இருந்த ‘மீட் பை’ பலகாரத்தை உனக்குக் கொடுத்துவிட்டு உன் தயிர்சாதத்தை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே நமக்குப் பாடம் எடுத்தார். கோல் அம்பயர் இரண்டு விரலை நீட்டினால் ஆறு புள்ளி, ஒற்றை விரல் என்றால் ஒரே ஒரு புள்ளி, ஒற்றை விரலைப் பார்த்துப் பார்த்தே என் வாழ்க்கை போய்விட்டது பசங்களா என்றார். மறு வருடம் புரிந்தது. நம் லிபரட்டோர் உதைத்துவிட்டு, கோல் என்று கையை விரித்துக்கொண்டு ஓடினாரே, நாம் மூன்று பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டோமே. ஒற்றை விரல். அடிலெய்டிடம் தோற்றது இரண்டு புள்ளியில். ரயிலில் ஃபுட்ஸ்கிரே ஸ்டேஷன் வரும்வரை பெரியவர் வாயே திறக்கவில்லை. அந்த லிபரட்டோரின் மகன் டாம்தான் இப்போது நம் நடுக்களத்தில் நிற்கிறான் என்பதை அவரிடம் சொன்னேன். நல்ல பையன், ஆனால் குள்ளம் என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் அழியவில்லை, மாப்பிள்ளை. 1954ல் நாம் கோப்பை வாங்கின கிராண்ட் ஃபைனல். அவருக்கு அப்போது 14 வயது, அப்பாவோடு போயிருந்தார். சார்லி சட்டன் கேப்டனும் கோச்சும், ஜாக் காலின்ஸ் ஏழு கோல், மெல்போர்னை 51 புள்ளியில் அடித்தோம், அதில் ஆடின டெட் விட்டனுக்கு 21 வயது. ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறார். சொந்த மகள் பெயர் வரமாட்டேன் என்கிறது, காலின்ஸின் ஏழு கோல் வருகிறது. அப்புறம் 1961ல் ஹாதோர்னிடம் தோற்ற கிராண்ட் ஃபைனல் அவர் நினைவில் இல்லை. 1989ல் கிளப்பையே ஃபிட்ஸ்ராயோடு சேர்த்து மூடப் பார்த்தபோது, பீட்டர் கோர்டன் என்ற வக்கீல் முன்னால் நிற்க, இவர் ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சில்லறை கேட்டுப் போனாரே, அதுவும் இல்லை. (கோர்டன்தான் இப்போது மறுபடி தலைவர். அதைச் சொன்னாலும் யார் அது என்கிறார்.) கிளப்பின் மொத்தம் ஏழு பிரிலிமினரி தோல்வி, ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய், நாம் கிராண்ட் ஃபைனலுக்குப் போய்விட்டோம் என்றேன். ஆமாம், மெல்போர்ன் டெமன்ஸோடுதானே, ஜெயித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லையே. பகலில் நன்றாகத்தான் இருக்கிறேன். ராத்திரி உங்கள் ஃபிராங்க்லின் கனவில் வருகிறான், இடது காலால் ஐம்பது மீட்டரிலிருந்து உதைக்கிறான். நீங்கள் பட்டியலில் முதலிடம். கென்னடி, ஹேன்பெரி, பார்க்கர் என்று நடுக்களமே இரும்புக்கதவு. வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான நேற்றைய பிரௌன்லோ மெடல் ஓட்டில் டேஞ்சர்ஃபீல்டு 35 ஓட்டு வாங்கிச் சாதனை செய்யாவிட்டால் பார்க்கர்தான் மெடலைக் கழுத்தில் போட்டிருப்பான். ஏழாவது இடத்திலிருந்து எவனும் இதுவரை கோப்பை வாங்கியதில்லை. எல்லாம் தெரியும்.

ஆனால் ஜூலை 2 தெரியுமா உனக்கு? சிட்னி மைதானத்தில், உன் ஊரில், உன் கண் முன்னால், கடைசி நொடிகளில் ஜொஹானிசன் உதைத்து நாலு புள்ளியில் ஜெயித்தோமே. அன்று மாலை உன் போன் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் இல்லையாம். நானும் நம்பினேன், நீ என் காய்ச்சலை நம்பியதுபோல.

நம் பான்டெம்பெல்லிக்கு இன்னும் 21 முடியவில்லை, ஆடுவதோ நாற்பது வயதுக்காரன் நிதானத்தோடு. கேலப் டேனியல் 168 சென்டிமீட்டர், தலையில் ஹெல்மெட், அவன் கையில் பந்து வந்தால் எனக்குப் பதற்றமே வருவதில்லை. நீ டாம் பாய்டைக் கிண்டல் செய்வாய். ஏழு வருடத்துக்கு ஏறக்குறைய 70 லட்சம் டாலர், என்னத்தைக் கிழித்தான் என்று. பதில் என்னிடம் இல்லை. ஆனால் அவனுக்கு வயது 21தான்டா. அந்த வயதில் நீயும் நானும் என்னத்தைக் கிழித்தோம்? அந்தப் பேக்கரி வேலையைத் தவிர.

பாப் மர்ஃபியை நினைத்தால்தான் மனது ஆறவில்லை. 34 வயது, 2000லிருந்து ஆடுகிறார், நாம் அழுத கடைசி மூன்று பிரிலிமினரியிலும் களத்தில் நின்றவர். அவர் கேப்டனாக இருக்கும்போதுதான் இது வர வேண்டும், மூன்றாவது ரவுண்டிலேயே அவர் முட்டியும் போக வேண்டும். சனிக்கிழமை ஈஸ்டன் வுட் முன்னால் ஓட, அவர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். ஜெயித்தால் எப்படி இருக்கும் அவருக்கு? தோற்றால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுமோ? சீ, இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

இங்கே தெருவே தெருவாக இல்லை. பார்க்லி தெருவில் தோசைக்கடையிலிருந்து செருப்புக்கடை வரை சிவப்பு, வெள்ளை, நீலத் தோரணம். மளிகைக் கடைக்காரர், பந்தையே ஒழுங்காகப் பார்க்காதவர், நேற்று எனக்குத் துவரம்பருப்பு போட்டுக்கொண்டே கோச் பெவரிட்ஜ் ரொம்ப ஹேண்ட்பாலை நம்புகிறார் சார் என்கிறார். விட்டன் சிலைக்கு யாரோ ஸ்கார்ஃப் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான சமாசாரம். எனக்கும் பாப்பாவுக்கும் மெம்பர் ஒதுக்கீட்டில் இரண்டு சீட்டு கிடைத்துவிட்டது. கையில் வாங்கினதும் வயிறு கலங்கியது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நான் போகவில்லை. என் சீட்டில் நீ உட்காரப்போகிறாய்.

இரு, கத்தாதே. 2012ல் ஸ்வான்ஸ் கோப்பை வாங்கின மறுவாரமே சிவப்பு வெள்ளைக்குத் தாவின ஓடுகாலி நீ என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து தோல்வியிலும் பொதுவாக இருந்தது நாம் இருவரும் சேர்ந்து இருந்ததுதான், நீ தனியாக இருந்ததில் குற்றமில்லை. சனிக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு ஆட்டம். அந்த நேரம் நான் சன்ஷைனில் பெரியவர் அறையில் டிவி முன்னால் இருப்பேன். இவளிடம், பாவம் அவர் தனியாகப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன். பெரிய தியாகியாட்டம் பேசாதீர்கள், உங்களுக்குப் பயம் என்றாள். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை இங்கே பொது விடுமுறை, ஊர்வலம் இருக்கிறது, பாப்பா உன்னை இழுத்துக்கொண்டு போவாள். அதனால் வியாழக்கிழமையே கிளம்பு. ராத்திரி ஹ்யூம் ஹைவேயில் தூக்கம் வந்தால் கண்டாகையில் நிறுத்தித் தூங்கு, வீரம் காட்டாதே. பார்க்லி தெருவுக்குள் வரும்போது உன் ஸ்கார்ஃப் டிக்கியில் இருக்கட்டும், கார் கண்ணாடிக்கு நான் பொறுப்பில்லை. மைதானத்தில் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள். தோற்றுப் பாப்பா அழுதால் ஒன்றும் சொல்லாதே, சும்மா பக்கத்தில் இரு, பெரியவர் ரயிலில் இருந்தாரே அந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவோம். உன்னைத் தெரியவில்லை என்றால் தயிர்சாதத்தைக் காட்டிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை.

அப்புறம், உன் சட்டை, பேன்ட் எதையும் இஸ்திரி போடாமல் கசக்கியே கொண்டு வா. தங்கச்சி தேய்த்துத் தருகிறேன் என்றாலும் விடாதே. பலகையும் பெட்டியும் அறைக்குள் கொண்டுவரலாமா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் சரி என்று சொல்லிவிட்டாள். நாலு குவார்ட்டருக்கும் துணி வேண்டும்.

உன்,
ஒட்டடைக்குச்சி