பிஸ்போவின் நீல நூல்: படக் கண்காட்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். பிரேசில் நாட்டு மனநல விடுதி ஒன்றில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஆர்தர் பிஸ்போ தொ ரொசாரியோவின் கலையைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவர விரும்புகிறோம். ஊர் ஊராக எடுத்துச் செல்லும் படக் கண்காட்சி, கூடவே ஒரு தமிழ்க் கையேடு. இரண்டுக்கும் உங்கள் உதவி தேவை.

கறுப்பினத்தவரான பிஸ்போ கடற்படையில் இருந்தவர், குத்துச்சண்டை வீரர். 1938 டிசம்பரில் தேவதூதர்களைக் கண்டதாகச் சொன்னார், மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். பிறகு ரியோ டி ஜெனீரோவின் கொலோனியா ஜூலியானோ மொரெய்ரா விடுதி. இடையில் சில காலம் வெளியே இருந்தாலும், 1989இல் இறந்தது அங்கேதான்.

உலகத்துப் பொருட்களையெல்லாம் தீர்ப்பு நாளில் கடவுள் முன் வைக்கவேண்டும், அது தமக்கு வந்த கட்டளை என்று அவர் நம்பினார். ஓவியப் பள்ளி எதற்கும் போனதில்லை. விடுதியின் நீலச் சீருடையை இழை இழையாகப் பிரித்து நூலெடுத்தார். அதைச் சின்னச் சின்னப் பொருட்கள்மீது இடைவெளி தெரியாமல் சுற்றி, பலவற்றில் அந்தந்தப் பொருளின் பெயரையும் தைத்தார். படுக்கை விரிப்புகள் எழுத்தும் படமும் நிறைந்த துணிப் பதாகைகளாயின. குவளைகளும் தேய்ந்த செருப்புகளும் பலகைகளில் வரிசை கட்டின. கடவுளைச் சந்திக்கும் நாளுக்கென்று பழைய போர்வையில் ஓர் அங்கி செய்தார். வெளிப்புறம் வண்ணக் கயிறுகளும் பூவேலையும். உட்புறத்தில் தாம் கடவுளிடம் எடுத்துச் சொல்லவேண்டிய மனிதர்களின் பெயர்கள், பெரும்பாலும் பெண்களின் பெயர்கள். அணிந்தால் யார் கண்ணிலும் படாத அந்த உட்புறத்துக்குத்தான் எங்கள் கண்காட்சியில் பெரிய இடம்.

அவர் விட்டுச்சென்றவை 800க்கும் மேல். 1995இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த பியனாலே என்னும் உலகக் கலைக் கண்காட்சியில் பிரேசிலின் சார்பில் அவற்றில் சில வைக்கப்பட்டன. நோயாளியின் கைவேலை என்று இரக்கப்பட்டுப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. நோய்தான் கலையைத் தந்தது என்று கொண்டாடுவதும் அப்படியே. பூட்டிய கதவுக்குள் கழிந்த ஆண்டுகளை அது மறைத்துவிடும். இரண்டையும் கையேட்டில் வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

ஒரு படப் பலகைக்கு அச்சும் சட்டமும் சேர்த்து 1,800 ரூபாய் ஆகும். மொத்தம் 20 பலகைகள். படங்களுக்கான அனுமதிக் கட்டணமும் கையேட்டு அச்சுச் செலவும் தனி. ஒரு பலகையை முழுதாக ஏற்கலாம். 100 ரூபாய் தந்தாலும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். போர்ச்சுகீசியம் அறிந்தவர்கள் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துத் தந்தால் அது பணத்தைவிடப் பெரிய உதவி. கண்காட்சியைப் பார்க்க நுழைவு இலவசம். நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கைக் கண்காட்சி வாசலிலேயே ஒட்டிவைப்போம்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர்