ஏழு நடைத் தண்ணீர்

ஓஸ், நார்வே
செப்டம்பர் 24

அன்புத் தோழிக்கு,

நலமா பிள்ள? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் வீட்டு வாசலில் குழாய், கீழே நீலக் குடம், பக்கத்தில் உன் சின்னவள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கால் மணி நேரம்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். நான் ஒரு ஹார்ட்டைப் போட்டதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குமேல் சொல்ல வேண்டியது இருந்தது, வாட்ஸப்பில் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன். நிதானமாகப் படி.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர்கள் என்னை மலைக்குக் கூட்டிப்போனார்கள். இவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேனே, அதே தம்பதிதான். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தம்மா முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவர். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இந்த ஊரில் பெரியவர், சின்னவர் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பேராசிரியரையும் அப்படித்தான். என் வாயில் இன்னும் அது வரவில்லை. ஆனால் வாடகைக்கு வந்த பெண்ணை வீட்டுப் பிள்ளையாகவே வைத்திருக்கிறார்கள். "மலையைப் பார்க்காமல் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடாதே" என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கார் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெரியவருக்குச் சின்ன வயதிலிருந்தே ரயிலில் போய்த்தான் பழக்கமாம். ஓஸ்லோவிலிருந்து பேர்கன் போகிற ரயில், 1909ல் திறந்த பாதை. கடைசிவரை போனால் ஏழு மணி நேரத்துக்குப் பக்கம். நாங்கள் பாதி வழியில், உஸ்தாஓசெத் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து 990 மீட்டர்தான், கொடைக்கானலில் பாதிகூட இல்லை. ஆனால் இவ்வளவு வடக்கே அந்த உயரத்திலேயே மரங்கள் குட்டையாகி, கொஞ்சம் மேலே போனால் அடியோடு நின்றுவிடுகின்றன. அதற்குமேல் புதரும் பாறையும்தான். செப்டம்பரில் இலையெல்லாம் நிறம் மாறும். பிர்ச் மரங்கள் மஞ்சள். தரையோடு படர்ந்த செடிகள் நம்ம ஊர் மிளகாய் வற்றல் களம் மாதிரி செக்கச்செவேல் என்று கிடந்தன. முதுகுளத்தூர்ப் பக்கம் தை, மாசியில் களத்தில் காயப்போட்டிருப்பார்களே, அந்தச் சிவப்பு. மூக்கு நெடியைத் தேடியது.

மலைவீட்டை இவர்கள் ஹித்தே என்கிறார்கள். 55 லட்சம் பேர் உள்ள நாட்டில் இப்படி நாலு லட்சத்துக்கு மேல் வீடுகள் இருக்கின்றன. புதிதாகக் கட்டுகிறவர்கள் வெந்நீர்த் தொட்டிவரை வைத்துக் கட்டுகிறார்கள். இவர்களுடையது அவருடைய அப்பா கட்டிய பழைய மரவீடு. கூரைமேல் புல் வளர்ந்திருக்கிறது. ஒரு சின்ன சோலார் தகடு, ஒரு பல்பு, ஒரு விறகடுப்பு. கக்கூஸ் வெளியே இருபது அடி தள்ளி, கதவில் இதய வடிவத்தில் ஒரு ஓட்டை. குழாய் கிடையாது. கொண்டுவர முடியாமல் இல்லை. வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் எடுக்க ஓடைக்கு இறங்க வேண்டும். ஐந்து நிமிஷ இறக்கம், ஏறி வர ஏழெட்டு நிமிஷம். கல்லுக்கு நடுவே ஒரு பள்ளம், அதில் அடி தெரிகிற தண்ணீர். நீண்ட காம்பு வைத்த மரக் கரண்டியால் அள்ளிப் பத்து லிட்டர் கேனில் ஊற்ற வேண்டும். அந்தம்மா குனிந்து அள்ளியபோது எனக்குச் சட்டென்று நெஞ்சு அடைத்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்து ஊற்றி, ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்போம்! இரண்டு சிரட்டை எடுத்தால் மண் கலங்கிவிடும். மறுபடி தெளிகிறவரை காத்திருப்போம். நீ வாய்ப்பாடு ஒப்பிப்பாய், நான் திருத்துவேன்.

கேனை நான் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கை தானாக அப்படித்தான் போயிற்று. அந்தம்மா வியந்துபோய்த் தானும் வைத்துப் பார்த்தார். இடுப்பில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போயிற்று. "எத்தனை வயதில் பழகினாய்?" என்று கேட்டார். ஆறு வயது என்றேன். அவர் அதற்குப்பிறகு வழியெல்லாம் பேசவில்லை.

சனிக்கிழமை ஹாலிங்ஸ்கார்வெத் மலைமேல் ஏறுவதாகத் திட்டம். ரயிலிலிருந்து பார்த்தால் நீளமாக ஒரு மதில் சுவரைக் கட்டி நிறுத்தியதுபோல இருக்கும். அதன் அடியில், 1500 மீட்டர் உயரத்தில், ஆர்னே நேஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1930களின் கடைசியில் ஒரு குடிசை கட்டிக்கொண்டார். பலகைகளைக் குதிரைமேல் ஏற்றிக் கொண்டுபோனார்களாம். வாழ்நாளில் பல வருஷங்களை அங்கேயே கழித்திருக்கிறார். காந்தியை ஆழமாகப் படித்து எழுதியவர். 1970ல் மார்தால் அருவியை மின்சாரத்துக்காகத் திருப்பக்கூடாது என்று நடந்த மறியலில் உட்கார்ந்தவரைப் போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போது நம் பெரியவருக்குப் பதினெட்டு வயது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்ததை இன்றும் சொல்கிறார்.

அந்தக் குடிசையைப் பார்க்கத்தான் போனோம். முக்கால்வாசி ஏறியிருப்போம், மேலேயிருந்து மூடுபனி இறங்கியது. பத்து நிமிஷத்தில் முன்னால் போகிறவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பெரியவர் நின்றார், திரும்பினார், அவ்வளவுதான். எனக்குத்தான் ஆதங்கம். மலைக்குப் போகிறவர்களுக்கு இங்கே ஒன்பது விதிகள் இருக்கின்றன, பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். எட்டாவது விதி: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. இறங்குகிற வழியில் கணுக்கால் உயரச் செடிகளில் சிவப்பாக ஒரு பழம் பறித்தோம், தித்தபேர் என்று பேர். களாப்பழம் மாதிரி புளிப்பும் லேசான கசப்பும். அடுப்பிலேயே வைக்காமல் சர்க்கரை போட்டுக் கிளறி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பழத்திலேயே அதற்கான அமிலம் இருக்கிறது. உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ராத்திரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். ஓஸ்லோவில் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் வாங்கிய பருப்பும் புளியும் கொண்டுபோயிருந்தேன், ரசம் வைத்தேன். அவர்கள் பழுப்புச் சீஸ் வெட்டிக் கொடுத்தார்கள். ஆட்டுப்பாலில் சீஸ் எடுத்தபிறகு மிஞ்சுகிற நீரை மணிக்கணக்காகச் சுண்டக் காய்ச்சுவது அது. பால்கோவா கிண்டின சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்போமே, அதே ருசி.

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. பெரியவர் நேஸ் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: வழிகள் எளிமையாக இருக்கட்டும், நோக்கங்கள் வளமாக இருக்கட்டும். தண்ணீர் சுமப்பதும் விறகு பிளப்பதும்தான் தன்னை மனுஷனாக வைத்திருக்கிறது என்றார். மனசார நம்பித்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் குழாய் இருக்கிறது, அதனால் இந்தச் சுமை உங்களுக்கு இனிக்கிறது. என் அம்மாவுக்கு இனித்ததே இல்லை. வைகாசி வெயிலில் எட்டுக் குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு கிலோமீட்டர் தள்ளுவாள்" என்றேன். அவர் மறுக்கவில்லை. அந்தம்மாதான் கேட்டார், "உங்கள் ஊரில் இப்படி ஓடையோ குளமோ இல்லையா?"

ஊருணி இருந்தது என்றேன். கல்படிக்கட்டு, சுற்றிலும் முள்வேலி, மாடுகூட இறங்காது, குடிக்க மட்டும். அதைச் சொல்லும்போதே உன் முகம் வந்துவிட்டது பிள்ள. நீங்கள் அந்தப் படியில் இறங்கக்கூடாது. கரையில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், எங்கள் தெருவில் யாராவது மனசு வைத்து மேலேயிருந்து ஊற்றினால் உண்டு. இதையும் சொன்னேன். இங்கே 1957ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், பயிர் செய்யாத நிலத்தில் யாரும் நடக்கலாம், தங்கலாம், பழம் பறிக்கலாம், நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. அதில் வளர்ந்தவர்களுக்கு நான் சொன்னது முதலில் விளங்கவே இல்லை. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்லும்போது எனக்கே காதில் வேறு மாதிரி விழுந்தது.

அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உன் தோழிக்கு யார் ஊற்றினார்கள்?"

சில நாள் நான் என்றேன். சில நாள் யாரும் இல்லை.

இன்னொரு நாளும் உண்டு. அதை அவர்களிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. நீ இரண்டு குடத்தோடு கரையில் நின்றாய். நான் படியேறி வந்தேன், கூட என் அத்தை. நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைத் தெரியாத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனேன். நீ கூப்பிடவும் இல்லை. லீவு முடிந்ததும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து எப்போதும்போலப் பேசினாய். பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரி முடிந்து, உன் கல்யாணத்துக்கு வந்து, உன் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் நீ அதைக் கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை. நீ மறந்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது துரோகம். அத்தைக்குப் பயந்தேன் என்பது காரணம்தான், சமாதானம் ஆகாது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உன்னால் முடியாவிட்டால் அதையும் எழுது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விறகு வெடிக்கிற சத்தம், மேலே புல்கூரையில் மழை. விடிந்து பார்த்தால் மேகமே இல்லாத வானம், நாங்கள் ஏற முடியாமல் போன மலை முழுசாக நின்றது. அதே மலையில் கொஞ்சம் கிழக்கே, பிரெஸ்தோல்த்தில், ஏறுகிற பாதைக்குக் கல்படி அடுக்கியது நேபாளத்து ஷெர்பாக்களாம். பெரியவர் கை நீட்டிக் காட்டினார்.

கிளம்புவதற்குமுன் அடுத்து வருகிறவர்களுக்கு விறகு பிளந்து அடுக்க வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஹித்தேயில் ஒரு புத்தகம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதில் எழுதுவார்கள்: யார் வந்தது, வானிலை, பிடித்த மீன், பிளந்த விறகு. முதல் பக்கம் அவருடைய அப்பா கையெழுத்து, 1958. "உன் மொழியிலேயே எழுது" என்று என்னிடம் நீட்டினார்கள். எழுதினேன்: "சனிக்கிழமை மூடுபனி, பாதியில் திரும்பினோம். ஞாயிறு வெயில். ஏழு நடைத் தண்ணீர் எடுத்தேன்." கீழே என் பேரையும் உன் பேரையும் சேர்த்துப் போட்டேன். இது யார் என்று அந்தம்மா கேட்டார். நான் சொன்னேன். அவர் அந்தப் பேரை நார்வே எழுத்தில் பக்கத்தில் ஒருமுறை எழுதி வைத்தார்.

தை பிறந்ததும் வருகிறேன். டிக்கெட் போட்டுவிட்டேன். உன் வீட்டு வாசல்வரை எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், உள்ளே உட்கார்ந்து பேசியிருக்கிறேன், ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன் என்று ஏதாவது சொல்லித் தட்டிவிடுவேன், நீயும் வற்புறுத்த மாட்டாய். உங்கள் தெருவில் குழாய் திறக்கிற நாள் எது என்று பார்த்து எழுது. அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடுகிறேன். உன் குடத்தில் நீ பிடித்து, எனக்கு ஒரு சொம்பு கொடு.

சின்னவளுக்கு முத்தம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி