பொருள்: 1.5 என்று விற்ற ராக்கர் செட், டயல் கேஜில் 1.39 (நான்காவது கடிதம்)

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். முதல் மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. இதையாவது ராக்கர் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பழைய மினியின் 1275 சிசி ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு வால்வைத் தள்ளித் திறக்கும் நெம்புகோல்களான உங்கள் 1.5 ரோலர் ராக்கர் செட்டை வாங்கினேன். 1.5 என்றால், ராக்கரின் மறுமுனையைத் தள்ளும் தண்டு (புஷ்ராட்) எவ்வளவு தூக்குகிறதோ அதைப்போல் ஒன்றரை மடங்கு வால்வ் திறக்க வேண்டும். கம்பெனி ராக்கர் 1.25 என்பது உங்களுக்கே தெரியும். வால்வ் கூடுதலாகத் திறந்தால் ஸ்பிரிங் முழுதாக அமுங்கிக் கட்டிக்கொள்ளுமோ என்று பார்க்கத்தான், நகர்வை நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜை எடுத்தேன். உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல. அப்போது சந்தேகமே இல்லை.

புஷ்ராட் பக்கம் தூக்கல் 6.40 மி.மீ. அதற்கு வால்வ் 9.60 திறக்க வேண்டும். திறந்தது 8.90. அதாவது 1.39. மூன்று முறை சுற்றிப் பார்த்தேன், அதே கணக்கு. மற்றவையும் ஒன்றுபோல் இல்லை: ஒரு இன்லெட் 9.21, கடைசி எக்ஸாஸ்ட் 8.58. ஒரே பெட்டியில் வந்த எட்டு ராக்கரும் எட்டு விதம்!

இதை போனில் சொன்னதற்கு உங்கள் ஆள் சிரித்தார். "ஸ்கேல் வச்சு அளந்தீங்களா சார்? பெட்டியில 1.5னு போட்டிருந்தா 1.5தான்" என்றார். அப்புறம் லைனைத் துண்டித்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக டேப்பட் (வால்வ் இடைவெளி) வைக்கிறவனிடம் ஸ்கேலா? அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொருவர், மரியாதையாகவே, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே கிளியரன்ஸ் (இடைவெளி) விட்டு அளந்திருப்பீர்கள் என்றார். இல்லை. கிளியரன்ஸ் பூஜ்யம். புஷ்ராட் வளையாதபடி வால்வுக்கு மெல்லிய ஸ்பிரிங் மாற்றி, கேஜின் முள்ளை வால்வ் தண்டுக்கு நேர்கோட்டில் நிறுத்தித்தான் அளந்தேன். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி ஸ்கிம் செய்திருப்பதால் கோணம் மாறியிருக்கும் என்றார். சரி, அதே ஹெட்டில், அதே கேஜில், பழைய ராக்கரை மாட்டினேன்: 8.03. வகுத்துப் பாருங்கள், 1.25. தப்பு என் கையிலா, உங்கள் ராக்கரிலா?

இதற்கு முன்னால் நேரில் வரச் சொன்னதைச் சொல்ல மறந்துவிட்டேன். ராக்கர் ஷாஃப்டோடு கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் ரோலரை விரலால் சுண்டிவிட்டு, "நல்லாத்தானே சுத்துது" என்றார். டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். ராக்கர் விற்கிற இடத்தில்!

வண்டி எட்டு வாரமாக பானெட் திறந்தே நிற்கிறது. இந்த வருட ஓட்டமே போயிற்று. போனது ஒரு வருடம் அல்ல, எஞ்சின்மேல் எனக்கிருந்த ஆசையே போயிற்று.

தயவுசெய்து, அளந்து சரிபார்த்த எட்டு ராக்கர்களை அனுப்புங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பதினைந்து நாள் காத்திருப்பேன். அதற்குப் பிறகு அளவுக் குறிப்புகள், படங்கள், அந்த போன் உரையாடலின் தேதி எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்தில்தான் சந்திப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: நேரில் பார்க்க ஆள் அனுப்புவதானால் டயல் கேஜோடு அனுப்புங்கள். மேக்னெட் ஸ்டாண்டு என்னிடம் இருக்கிறது.