முதலில் விளக்குங்கள், பிறகு தேட விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிப் பாடசாலைகளின் கணித, விஞ்ஞான அடைவு மட்டம் குறித்துத் தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் வெளிவரும் கருத்துகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஆசிரியர் பற்றாக்குறை, போக்குவரத்து வசதியின்மை, போரும் இடப்பெயர்வும் விட்டுச்சென்ற பாதிப்பு ஆகியவையே அவற்றில் பெரும்பாலும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. அவை மெய்யான காரணங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் 31 ஆண்டுகள் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஆசிரியரும் பிள்ளைகளும் வகுப்பறையில் இருக்கும் நாற்பது நிமிடங்களில் பாடம் எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

கரும்பலகையின் முன்னே நின்று விளக்குகின்ற ஆசிரியர் பழைய முறையைப் பின்பற்றுபவர் என்றும், பிள்ளைகளைக் குழுக்களாக இருத்தி, டிமைத் தாளையும் நிறப்பேனைகளையும் கொடுத்து, தாமாகவே கண்டறிய விடுபவரே மாணவர் மையக் கற்பித்தலைச் செய்பவர் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே ஊன்றிவிட்டது. மேற்பார்வைக்கு ஆள் வருகிறார் என்றால் மேசைகளைச் சேர்த்துப் போட்டுவிட்டு, அவர் போன மறுநாள் மேசைகளைத் திருப்பிப் போட்டுப் பாடத்தை முதலிலிருந்து விளக்குகின்ற இளம் ஆசிரியர்கள் பலரை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைக்கு விளங்கவேண்டும் என்ற அக்கறையினால்தான் அவர்கள் அந்த இரண்டாவது நாளைச் செலவிடுகிறார்கள்.

இந்த எண்ணம் வந்த வழியைப் பலரும் அறிவர். 2007 இல் தரம் 6, தரம் 10 ஆகியவற்றில் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டத்துடன், ஆங்கிலத்தில் E என்ற எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளைக் கொண்ட ‘ஐந்து ஈ’ கற்பித்தல் மாதிரி நமது ஆசிரியர் வழிகாட்டிகளுக்குள் வந்தது. அமெரிக்காவில் உயிரியற் கலைத்திட்ட ஆய்வுக்கான நிறுவனமொன்று 1980களில் உருவாக்கிய அந்த மாதிரியில், ஈடுபடுத்தல், கண்டறிதல் என்னும் இரண்டு படிகளும் முடிந்த பின்னரே விளக்குதல் வருகிறது. மாதிரியை வகுத்தவர்கள் ஆசிரியரின் விளக்கத்தை நீக்கிவிடவில்லை. ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளையில், முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், முதலிரண்டு படிகளே நேரத்தை விழுங்கிவிடுகின்றன. மணி அடிக்கும்போது விளக்குதல் மீதியாக நிற்கும். மீதியாக நிற்கும் அந்த விளக்கம் மாலையில் ரியூசன் கொட்டகையில் நடக்கிறது. காசு கொடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நடக்கிறது.

என் சொந்த வகுப்பிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பின்னங்களைக் கூட்டுவதைக் கண்டறி முறையில் கற்பிக்க முனைந்தேன். கடதாசி நாடாக்களை மூன்றாகவும் நான்காகவும் மடிக்கச் சொல்லி, மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் சேர்த்தால் என்ன வரும் என்று தேட விட்டேன். ஏழு குழுக்களில் ஐந்து ‘ஏழில் மூன்று’ என்று எழுதின. மேலிருந்தவற்றைக் கூட்டினார்கள், கீழிருந்தவற்றைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். மற்ற இரண்டு குழுக்கள் ‘பன்னிரண்டில் பதினொன்று’ என்று சரியாக எழுதியிருந்தன. எப்படி என்று கேட்டேன். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளை அதை ஏற்கெனவே வெளியில் படித்திருந்தது. ஏனையோர் பார்த்து எழுதினார்கள். நான் கண்டறிதல் என்று நினைத்திருந்தது, முன்னமே தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைகளுக்கு விடையைக் கொடுத்த நிகழ்வாக முடிந்தது. அதைவிட வருத்தம் தந்தது வேறொன்று: தவறான விடையைத் தாங்களே கண்டுபிடித்தோம் என்ற உறுதியுடன் எழுதிய பிள்ளைகளின் மனத்திலிருந்து அதை அகற்ற எனக்கு மூன்று பாடவேளைகள் தேவைப்பட்டன.

அதே பாடத்தை அடுத்த ஆண்டு வேறுவிதமாக எடுத்தேன். சமவலுப் பின்னங்களை முதல் பத்து நிமிடங்கள் மீட்டினோம். பின்னர் ஒரு கணக்கை ஒவ்வொரு படியாக, ஏன் அந்தப் படி வருகிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் செய்து காட்டினேன். அடுத்த கணக்கைப் பாதிவரை நான் செய்ய, மீதியைப் பிள்ளைகள் முடித்தார்கள். அதற்கடுத்ததை அவர்கள் முழுமையாகச் செய்தார்கள். அதன் பிறகுதான், முந்திய ஆண்டுப் பிள்ளைகளின் ‘ஏழில் மூன்று’ என்ற விடையை எழுதிக் காட்டி, இது ஏன் சரியாக இருக்க முடியாது என்று கேட்டேன். மூன்றில் இரண்டு என்பது அரையிலும் பெரியது, ஏழில் மூன்றோ அரையிலும் சிறியது, கூட்டிய பிறகு எப்படிச் சிறுத்துப்போகும் என்று பின்வாங்கில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள். அந்த வகுப்பில் நடந்த உண்மையான தேடல் அதுதான். தேடுவதற்கான அறிவு கையில் இருந்ததால் அவளால் தேட முடிந்தது.

இதற்கான காரணத்தை ஆய்வாளர்கள் தெளிவாகவே விளக்கியுள்ளார்கள். மனிதரின் தொழிற்படு நினைவு மிகக் குறுகியது. ஒரே வேளையில் ஏறத்தாழ ஏழு விடயங்களை அதில் வைத்திருக்கலாம் என்று ஜோர்ஜ் மில்லர் 1956 இல் எழுதினார்; நெல்சன் கோவன் 2001 இல் அதை நான்கு அளவில் மதிப்பிட்டார். அவுஸ்திரேலியாவில் ஜோன் சுவெல்லர் 1980களிலிருந்து வளர்த்தெடுத்த அறிகைச் சுமைக் கோட்பாடு இந்த அடிப்படையில் எழுந்தது. வாய்பாடு மனத்தில் இல்லாத பிள்ளை மூன்று நான்கு எத்தனை என்று விரல்விட்டு எண்ணி முடிக்கும்போது, எதற்காக எண்ணத் தொடங்கியது என்பதையே மறந்துவிடுகிறது. அத்தகைய பிள்ளையிடம் முறையையும் நீயே கண்டுபிடி என்று கேட்பது, நெல்மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரம்பில் நடக்கும் ஒருவரிடம் வழியையும் கேட்டறிந்து வரச் சொல்வது போன்றது. புதிதாகக் கற்பவர்கள் தாமாகவே கணக்குகளோடு போராடுவதைக் காட்டிலும் செய்து காட்டப்பட்ட கணக்குகளைப் படிப்பதால் விரைவாகவும் குறைந்த பிழைகளுடனும் கற்கிறார்கள் என்பதை, சுவெல்லரும் கூப்பரும் 1985 இல் அட்சரகணிதத்தை வைத்துக் காட்டினார்கள். குறைந்த வழிகாட்டலுடன் கற்பிப்பது தொடக்கநிலைக் கற்போருக்குப் பயன் தராது என்று கிர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் ஆகியோர் 2006 இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது.

இங்கே ஒரு மயக்கத்தைக் களைய வேண்டும். விளக்கிக் கற்பித்தலை ஆதரித்தால், குறிப்புச் சொல்லி எழுத வைப்பதை ஆதரிப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். ஒரு மணிநேரம் குறிப்புச் சொல்லி, பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதி, எதுவும் கேட்கப்படாமல் முடியும் பாடத்தை நான் கற்பித்தல் என்றே கொள்ளமாட்டேன். கல்வி ஆய்வாளர் பராக் ரோசன்ஷைன் 2010 இல் தொகுத்த கற்பித்தலுக்கான பத்துக் கோட்பாடுகளைப் பார்த்தால், முன்னைய பாடத்தை மீட்டுதல், சிறு சிறு படிகளாகப் புதியதை முன்வைத்தல், நிறையக் கேள்விகள் கேட்டல், எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கியதா என்று சோதித்தல், வழிகாட்டலுடன் பயிற்சி அளித்துப் பின்னரே தனியே விடுதல் என்று செல்கின்றன. இவற்றைச் செய்யும் ஆசிரியர் வகுப்பில் ஒரு நிமிடமும் ஓய்ந்திருக்க முடியாது. உண்மையில் இதுதான் பிள்ளையை மையமாகக் கொண்ட கற்பித்தல். ஏனென்றால் அடுத்த படிக்குச் செல்வதா என்பதைப் பிள்ளையின் விடைதான் தீர்மானிக்கிறது.

விஞ்ஞானத்துக்கு வருகிறேன், அங்கேதான் தேடலின் பக்கம் வலிமையானது. பிள்ளை பரிசோதனை செய்யாமல் விஞ்ஞானம் கற்க முடியாது. ஆனால் பரிசோதனை செய்யும் முறையும் கற்பிக்கப்பட வேண்டிய ஒன்றே. டேவிட் கிளாரும் மிலேனா நிகாமும் 2004 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தரம் 3, தரம் 4 பிள்ளைகளுக்குப் பந்துகள் உருளும் சரிவுகள் கொடுக்கப்பட்டன. சரிவின் உயரம், மேற்பரப்பு, தூரம், பந்து ஆகியவற்றுள் எது பந்தின் ஓட்டத்தைப் பாதிக்கிறது என்று அறிய வேண்டும். ஒரு தொகுதிப் பிள்ளைகள் தாமாகவே தேடினார்கள். மற்றத் தொகுதிக்கு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்தால்தான் காரணத்தைச் சொல்ல முடியும் என்று நல்ல பரிசோதனைகளையும் பிழையான பரிசோதனைகளையும் காட்டி விளக்கப்பட்டது. விளக்கம் பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் அந்த முறையில் தேர்ந்தார்கள். தாமாகத் தேடியவர்களில் நான்கில் ஒரு பங்கினர்கூட இல்லை.

இந்த ஆய்வை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலையில் நாங்கள் செய்த கச்சான் முளைத்தல் பரிசோதனை. நீர் தேவையா, ஒளி தேவையா என்று பார்க்கச் சொன்னேன். ஒரு குழு ஒரு பேணியை நீரூற்றி வெயிலில் வைத்தது. மற்றப் பேணியை நீரில்லாமல் அலுமாரிக்குள் வைத்தது. வெயிலில் இருந்தது முளைத்தது. ஒளி இருந்தால்தான் கச்சான் முளைக்கும் என்று எழுதினார்கள். விவசாயிகளின் பிள்ளைகள், மண்ணுக்குள் இருட்டில் விதை முளைப்பதை ஒவ்வொரு போகமும் பார்ப்பவர்கள், அப்படி எழுதினார்கள். ஒன்றை மட்டும் மாற்றும் ஒழுங்கை அரைமணி நேரம் விளக்கிய பிறகு அதே பிள்ளைகள், வீட்டுப் பயற்றங்காணியில் பசளை இட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் ஒப்பிட்டு, விதைத்த நாளும் நீரும் ஒன்றுதானா என்று தாங்களாகவே ஒருவரையொருவர் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அடைந்த மகிழ்ச்சியை நான் இன்றும் மறக்கவில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களை மறைப்பது நேர்மையன்று. 2006 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அடுத்த ஆண்டே ஹமெலோ சில்வர், டங்கன், சின் ஆகியோர் பதில் எழுதி, நன்கு அமைக்கப்பட்ட தேடல்வழிக் கற்றலில் ஆசிரியரின் தாங்கல், அதாவது தேவைக்கேற்ற உதவி, நிறையவே உண்டு என்று சுட்டினார்கள். அது சரியான திருத்தம். அல்ஃபியெரி உள்ளிட்டோர் 164 ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் வெளியிட்ட பகுப்பாய்வும், உதவியின்றித் தேட விடுவது விளக்கிக் கற்பித்தலுக்குப் பின்தங்குகிறது என்றும், வழிகாட்டலுடன் கூடிய தேடல் நல்ல பயன் தருகிறது என்றும் காட்டியது. சிங்கப்பூரில் மனு கபூர், பிள்ளைகளை முதலில் ஒரு சிக்கலோடு முயன்று தோற்க விட்டுப் பின்னர் விளக்கினால் எண்ணக்கரு ஆழமாகப் பதிகிறது என்று காட்டியிருக்கிறார். ஆனால் முயல்வதற்குப் போதிய முன்னறிவு அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது; தோல்விக்குப் பின் ஆசிரியரின் தெளிவான விளக்கமும் தவறாமல் வந்தது. மேலும், தேர்ச்சி பெற்ற மாணவருக்குப் படிப்படியான விளக்கம் பயனற்றதாகி இடையூறாகவும் மாறலாம் என்பதைக் கல்யூகாவும் சுவெல்லர் முதலானோரும் 2003 இல் எடுத்துரைத்தார்கள். எனவே, உயர்தர வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நான் கேட்பது வேறு. தரம் 6 இல் வாய்பாடு தடுமாறும் பிள்ளைக்குக் கேட்பது வேறு.

வன்னியில் இந்த வேறுபாடு மிக முக்கியம். துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு போன்ற இடங்களின் சிறிய பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துக் கற்பிக்க நேர்கிறது. அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வராத நாட்கள் உண்டு. வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க முடிந்த பெற்றோர் எல்லோருக்கும் இல்லை. இந்தப் பிள்ளைக்குப் பாடசாலையில் கிடைக்காத விளக்கம் வேறெங்கும் கிடைக்காது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் மர நிழலில் வகுப்பெடுத்தபோது எங்களிடம் ஆய்வுகூடமும் இல்லை, டிமைத் தாளும் இல்லை. ஒரு பலகையும் வெண்கட்டியும் இருந்தன. அதை உயர்ந்த நிலையென்று சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளைக்கும் அத்தகைய வகுப்பறை மீண்டும் வாய்க்கக்கூடாது. எல்லாவற்றையும் இழந்து வந்த பிள்ளைகள், ஒரு கணக்கு தெளிவாக விளங்கிய கணத்தில் முகம் மலர்ந்ததை அங்கே கண்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே வலயக் கல்வி அலுவலகங்களிடமும் ஆசிரிய ஆலோசகர்களிடமும் தங்கள் பத்திரிகை வாயிலாக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மேற்பார்வைக்கு வரும்போது, மேசைகள் எவ்வாறு போடப்பட்டுள்ளன என்பதைக் கொண்டு பாடத்தை மதிப்பிட வேண்டாம்; பாடம் முடிந்ததும் பின்வாங்கிலிருந்து ஐந்து பிள்ளைகளை அழைத்து, அன்று கற்ற ஒரு கணக்கைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். சேவைக்காலப் பயிற்சிகளில் குழுச் செயற்பாடுகளைக் காட்டும் அளவுக்கு, ஒரு எண்ணக்கருவைப் படிகளாகப் பிரித்து விளக்குவது எப்படி, வகுப்பு முழுவதையும் கேள்வியால் சோதிப்பது எப்படி என்பவற்றையும் பயிற்றுங்கள். புதிய கல்விச் சீர்திருத்தத்தின் பாடத் தொகுதிகள் நமது வகுப்பறைகளுக்கு வரும்போது, ஒரு அலகின் தொடக்கத்தில் விளக்கிக் கற்பிக்கவும் அலகின் முடிவில் தேடலுக்கு விடவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு என்று எழுத்தில் அறிவியுங்கள். மேற்பார்வைக்கு ஒரு பாடமும் பிள்ளைகளுக்கு ஒரு பாடமும் என்று இரண்டு தடவை கற்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.