டிரெய்லர் வாங்கும் முன் முன்பாரம் பார்க்கப் பழகுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைப் பயணங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் மடக்குக் கூடார டிரெய்லரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. லாட்ஜ் செலவு மிச்சம், குடும்பத்தோடு நினைத்த இடத்தில் தங்கலாம், வாங்கினால் போதும் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். அப்படி ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தங்குகிற சுகம் உண்மைதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் இழுப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கட்டுரையைப் படித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் விலை கேட்டார்கள். எடை எவ்வளவு, எங்கள் கார் அதை இழுக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மடக்கி வைத்தால் அது நெஞ்சளவு உயரமுள்ள ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஓடும் கம்பிக் கயிறுகள் நான்கு மூலைத் தூண்களையும் ஒரே நேரத்தில் தூக்கும், கூரை மேலே போகும். முன்னாலும் பின்னாலும் படுக்கைப் பலகைகளை வெளியே இழுத்து, அடியில் முட்டுக் கம்பி கொடுத்து, கேன்வாஸ் சுவரை மாட்டினால் நாலைந்து பேர் தாராளமாகப் படுக்கலாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் பல காலமாகப் பழக்கத்தில் இருப்பது, நம் பக்கம் இப்போதுதான் கண்ணில் படுகிறது. மடக்க முடியாத, வீடு மாதிரியான முழு கேரவனைவிட இதில் எனக்குப் பிடித்தது உயரம். மடக்கிய பிறகு தாழ்வாக இருப்பதால் பின்கண்ணாடியில் சாலை தெரியும், காற்றும் அதிகம் பிடிக்காது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் தாண்டிப் போனவர்களுக்கு அங்கே காற்று எப்படித் தள்ளும் என்று தெரியும், அந்தக் காற்றை நம்பித்தானே அத்தனை காற்றாலைகளும் அங்கே நிற்கின்றன. மடக்கிய டிரெய்லர் அதைத் தாங்கிவிடும். கூரையைத் தூக்கிக் கேன்வாஸை விரித்துவிட்டால் நிலைமை வேறு, அந்தக் காற்றில் அந்தப் பக்கம் விரிக்கவே கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள், சக்கர அச்சுக்கு முன்னால் எடை கூடினால் முன்பாரம், பின்னால் கூடினால் பின்பாரம் என்று சொல்வார்கள். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லரிலும் அதே கணக்குதான். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு, டிரெய்லரை மாட்டும் காரின் கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஏற்றிய எடை 800 கிலோ என்றால் கொக்கியில் 80 முதல் 120 கிலோ. இதைவிடக் குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டம் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் அழுந்தி, முன் சக்கரத்தின் பிடி குறைந்து, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். உங்கள் காரின் கொக்கி அவ்வளவு பாரத்தைத் தாங்காது என்று போட்டிருந்தால் அந்த டிரெய்லர் அந்தக் காருக்கு வேண்டாம்.

இதை அளப்பது பெரிய வித்தை இல்லை. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற கடைகளில் இருக்கும் மேடைத் தராசு போதும். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இழுக்கும்போது கொக்கி எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி முன்முனையை அதில் இறக்கினால் எடை தெரிந்துவிடும். மொத்த எடைக்கு லாரி எடை போடுகிற இடத்துக்குப் போகலாம். நம் ஆட்கள் செய்கிற வேலை என்னவென்றால் ஏற இறங்க வசதி என்று கதவுப் பக்கம், பின்னால், எல்லாவற்றையும் அடுக்குவது. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோ. அப்படி நாலு கேன், அரிசி, அடுப்பு, கடைசியாகப் பின் பம்பரில் பிள்ளைகளின் சைக்கிள், இவ்வளவும் அச்சுக்குப் பின்னால் போனால் கொக்கியில் இருந்த பாரம் காணாமல் போய்விடும். கனமானது எதுவாக இருந்தாலும் அச்சுக்கு மேலே, அல்லது கொஞ்சம் முன்னால், தரையோடு தரையாக.

ஆட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள், திருப்பத் திருப்ப ஆட்டம் கூடும். டிரெய்லருக்குத் தனி மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் போடலாம். வேகம் குறைந்தால் தானாக அடங்கும், அப்புறம் ஓரமாக நிறுத்திப் பாரத்தை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இறக்கத்தில் ஒரு லாரி வேகமாக முந்திப் போனால் அந்தக் காற்றே ஆட்டத்தைத் தொடங்கி வைக்கப் போதும். நான் நாற்கரச் சாலையிலும் 60-க்கு மேல் போவதில்லை, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்.

மாட்டும்போதும் அவசரம் கூடாது. காரின் கொக்கியில் இருக்கும் பந்தின் அளவும் அதன் மேல் உட்காரும் டிரெய்லர் கிண்ணத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், 50 மி.மீ. பந்துக்கு 50 மி.மீ. கிண்ணம்தான். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள், காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரியாகப் பூட்டியிருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும், பூட்டு விட்டுப்போனால் முன்முனை தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். பிறகு பிரேக் லைட், இண்டிகேட்டர், ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என் மைனி, அதாவது அண்ணியுடையது. அவர் கை காட்டாமல் வண்டி நகராது, ரிவர்ஸ் எடுக்கும்போதும் அவர்தான். ரிவர்ஸுக்கு ஒரு வழி: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும். நீளம் குறைவான டிரெய்லர் சட்டென்று மடங்கிக் காரில் இடிக்கும், அதனால் நூல் நூலாகத்தான். திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கத்து உள்சாலைகளில் இரண்டு பக்கமும் மதில், வளைவில் டிரெய்லரின் சக்கரம் காரைவிட உள்பக்கமாக வெட்டிப் போகும், அகலமாக எடுத்துத் திருப்பாவிட்டால் மதிலில் உரசிவிடும்.

எந்தக் கார் இழுக்கும் என்று கேட்கிறவர்கள் முதலில் காரோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். இழுவை எடை என்று ஒரு எண் இருக்க வேண்டும். அந்த எண் இல்லை, அல்லது இழுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது என்றால் பேச்சு அதோடு முடிந்தது, பட்டறைக்காரர் வெல்டிங் வைத்துக் கொக்கி போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். வெளிநாட்டு டிரெய்லர் மாடல்கள் பல, சாமான் ஏற்றாமல் காலியாகவே 700 கிலோவிலிருந்து 1,500 கிலோ வரை வரும்.

பதிவும் அப்படித்தான். 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் அதில் தெரிய வேண்டும். விற்பனைச் சான்றான படிவம் 21, தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டும் விற்பவரிடமிருந்து கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, டிஎன் 74-க்கோ டிஎன் 75-க்கோ உங்கள் ஆர்டிஓ அலுவலகம் எதுவோ அங்கே நேரில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு பணம் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆசையாக வாங்கிய டிரெய்லர் காகிதம் இல்லாமல் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது, போட்ட பணம் போனதுதான்.

பராமரிப்பில் நம் குமரி மாவட்டத்துக்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது. தென்மேற்கு மழையும் நமக்கு உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, கேன்வாஸ் நன்றாகக் காய்வதற்குக் கிடைக்கிற மாதங்கள் குறைவு. ஈரத்தோடு மடக்கவே கூடாது. மழையில் மடக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்ததும், மிஞ்சினால் மறுநாள், விரித்துக் காயவிட வேண்டும். பூஞ்சை பிடித்த கறை போகாது, வாடையும் போகாது. சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்தால் தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்காகப் பூசியது கரைந்துவிடும், மெல்லிய பிரஷும் நல்ல தண்ணீரும் போதும். பருத்திக் கேன்வாஸ் புதிதாக வந்ததும் ஓரிரு முறை நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் ஊதித் தையல் ஓட்டைகள் அடைபடும்.

அப்புறம் உப்புக்காற்று. முட்டம், சொத்தவிளை, தேங்காய்ப்பட்டணம் என்று எங்கே நிறுத்திவிட்டு வந்தாலும் அடிப்பகுதி முழுவதையும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். மணலில் இறக்கவே வேண்டாம், கெட்டித் தரை போதும். சக்கர பேரிங்கை வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும், வண்டி அதிகம் ஓடவில்லை என்பது இதற்குச் சமாதானம் ஆகாது, சும்மா நிற்கும்போதுதான் ஈரம் உள்ளே இறங்கித் துரு பிடிக்கும். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடு ஹப்பைக் கிட்டே கை கொண்டுபோய்ப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். டயர் தேயவில்லை என்பதாலும் ஏமாறக் கூடாது. பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. கூரையைத் தூக்கும் கம்பிக் கயிற்றில் பிசிறு தெரிந்தால் அன்றோடு நிறுத்திக் கயிற்றை மாற்றுங்கள், அந்தக் கூரைக்குக் கீழேதான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். மூலையில் இருக்கும் நாலு ஜாக்கிகளும் ஆடாமல் நிறுத்த மட்டும்தான், அவற்றை வைத்து வண்டியைத் தூக்கினால் சட்டம் வளையும். அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள், மூடிய கேன்வாஸுக்குள் அடுப்போ கரியோ எரிந்தால் நச்சுப்புகை தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும்.

வீட்டில் எங்கே நிறுத்துவது என்பதையும் யோசியுங்கள். நம் வீடுகளில் காலி இடம் என்றாலே தென்னைக்கு அடியில்தான். ஒரு தேங்காய் போதும், கூரை போய்விடும். எலியும் கேன்வாஸை விடாது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாகர்கோவில், மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகங்களில் கேட்டு, டிரெய்லர் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு முழுக் கட்டுரையாகப் போடுங்கள். இன்னொன்று, 2023-ல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவும் இருக்கிறது, பக்கத்தில் கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்துவிட்டது. நம் மாவட்டத்தில் இரவு நிறுத்தும்படி ஒரு இடம் வேண்டும். காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது, அது சரிதான். கடற்கரை ஓரத்தில் நிறுத்தினால் நடு இரவில் எழுப்பிக் கிளம்பச் சொல்கிறார்கள், தூக்கக் கலக்கத்தோடு இருட்டில் மாட்டி இழுப்பது ஆபத்து. கெட்டித் தரை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, கழிவுநீர் ஊற்ற ஒரு தொட்டி, இவ்வளவு இருந்தால் கட்டணம் கொடுத்துத் தங்கத் தயாராக இருக்கிறோம். மாவட்ட நிர்வாகம் அப்படி ஓர் இடத்தை ஒதுக்கினால், வருகிறவர்கள் கிளம்பும் முன் கொக்கியில் விழும் பாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மேடைத் தராசையும் அங்கே வைக்கும்படி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை.