தொகுப்பு நிதியத்தின் மீது யார் குற்றம் சாட்டியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் வந்த பட்ஜெட் விளக்கக் கட்டுரையில் ஒரு வரி: 'ஆளுநரின் ஊதியம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், கடனுக்கான வட்டி ஆகியவை மாநிலத் தொகுப்பு நிதியத்தின் மீது குற்றம் சாட்டப்பட்ட செலவுகளாகும்.' பாவம் நிதியம், அரசின் வருவாயெல்லாம் சேரும் பொதுக் கணக்கு அது. எந்த ஸ்டேஷனில் வழக்குப் போட்டார்கள், ஜாமீனாவது கிடைத்ததா என்று அடுத்த பத்தியில் தேடினேன். அந்த விவரம் இல்லை.

மூலத்தில் 'சார்ஜ்டு' என்று இருந்திருக்கும். அகராதியைத் திறந்தவர் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார். அரசியல் சாசனத்தின் 202-வது பிரிவு சொல்வது வேறு. இந்தச் செலவுகளை நிதியத்தின் தலையில் நிரந்தரமாக ஏற்றிவைத்தாயிற்று, ஆண்டுதோறும் பேரவையின் தயவுக்கு அவை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். அடுத்த பிரிவான 203-ன்படி இவற்றைப் பற்றி உறுப்பினர்கள் பேசலாம், வாக்கெடுப்பு மட்டும் கிடையாது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியின் சம்பளத்தில் எந்த ஆளுங்கட்சியும் கைவைத்துவிடக் கூடாது அல்லவா? அரசுக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்பின்படி கட்ட வேண்டிய பணமும் இதே வகைதான். இன்னொன்று: உயர் நீதிமன்ற நீதிபதி பணியில் இருக்கும்வரை சம்பளம் மாநில நிதியத்திலிருந்து வருகிறது, ஓய்வுபெற்ற பின் ஓய்வூதியம் இந்தியத் தொகுப்பு நிதியத்திலிருந்து வருகிறது. கட்டுரையாளர் இதையெல்லாம் விளக்குவார் என்றுதான் வாசகர் பக்கத்தைப் புரட்டியிருப்பார். அவருக்குக் கிடைத்தது ஒரு கிரிமினல் வழக்கு.

இந்தப் பிழை மெய்ப்பு பார்ப்பவர் கண்ணில் ஏன் படவில்லை என்பதும் புரிகிறது. ஆங்கிலத்தில் 'ஆன்' என்று வருவது தமிழில் 'மீது' ஆகிறது. 'மீது' வந்ததும் 'குற்றச்சாட்டு' தானாக வந்து பொருந்திக்கொள்கிறது. வாக்கியம் தடங்கலின்றி ஓடுகிறது, அர்த்தம் மட்டும் இல்லை. முட்டி நிற்கும் பிழையைப் பிடித்துவிடலாம். இப்படி வழுக்கிப் போகும் பிழை அச்சுக்கே போய்விடும்.

இத்தனைக்கும் 'சார்ஜ்' என்ற இந்தச் சொல்லுக்குத் தமிழ் ஒன்றும் அந்நியமல்ல. அதன் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த பழைய லத்தீன் சொல். 'கார்', 'கார்கோ' எல்லாம் அதே குடும்பம். நாமும் குற்றத்தைச் சுமத்துகிறோம், பதவியை ஏற்கிறோம். 'பொறுப்பு' என்பதற்குள்ளேயே பொறுத்தல், அதாவது தாங்குதல், இருக்கிறது. பாட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறோம். ஆகவே மொழிபெயர்க்க உட்காருபவர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: யார், எதை, யார் தலையில் ஏற்றுகிறார்? ஏற்றுவது குற்றமா, கடனா, வேலையா, மின்சாரமா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எதிரியை நோக்கிப் பாயும் பொருளுக்கு மட்டும் இந்தக் கேள்வி உதவாது. அங்கே தமிழ்ப் பத்திரிகைகள் எப்போதோ 'தடியடி' என்று ஒரு சொல்லைப் பிடித்துவிட்டன. லத்தி சார்ஜுக்கு அதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் 'லேசான தடியடி' என்று தாங்கள் போடும்போது, யாருடைய முதுகைக் கேட்டு எழுதினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நிதியத்தோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். குற்றத்தையே உண்மையில் குறிக்கும் இடத்திலும் தங்கள் இதழ் தடுமாறுகிறது. 'மூவர் மீது நீதிமன்றம் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது' என்று இந்த ஆண்டில் மட்டும் எத்தனை முறை! குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்வது போலீஸ். விசாரணை முடிந்து அவர்கள் கொடுக்கும் அறிக்கை அது. அதை நீதிமன்றம் கோப்புக்கு எடுத்து, குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் கொடுத்து, இரு தரப்பையும் கேட்டு, வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறது என்று கண்டால் அதன்பின் நீதிமன்றமே செய்வதுதான் குற்றச்சாட்டு வனைதல். குயவன் பானை வனைவதுபோல, போலீஸ் கொண்டுவந்து கொட்டிய மண்ணிலிருந்து எந்தக் குற்றத்துக்கு எந்தப் பிரிவு என்று நீதிமன்றம் உருவம் கொடுக்கிறது. கொலை என்று போலீஸ் கொடுத்ததைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று நீதிமன்றம் வனையலாம். பிறகு அதைப் படித்துக்காட்டி, 'ஒப்புக்கொள்கிறீரா?' என்று கேட்கும். சாட்சி விசாரணை அதற்கப்புறம்தான்.

இரண்டையும் குழப்பினால் என்ன குடிமுழுகிவிடும் என்று தங்கள் செய்திப் பிரிவில் யாராவது கேட்கக்கூடும். ஒருவர் காவலில் இருக்கிறார். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. அந்தக் கணக்கு போலீஸ் தாக்கல் செய்யும் தேதியோடு நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், செஷன்ஸ் வழக்குகளில் குற்றச்சாட்டு குறித்து நீதிமன்றம் முதலில் கேட்கும் நாளிலிருந்து 60 நாளுக்குள் குற்றச்சாட்டு வனைய வேண்டும் என்று தனியாக ஒரு கெடு வேறு இருக்கிறது. அது வேறு 60, இது வேறு 60. காவலில் இருப்பவரின் மனைவி தங்கள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நாள் எண்ணினால் எந்தத் தேதியை வைத்து எண்ணுவார்?

இதே கதிதான் 'டிஸ்சார்ஜு'க்கும். வழக்கு நடத்தவே முகாந்திரம் இல்லை என்று விசாரணைக்கு முன்பே அனுப்பிவிடுவது விடுவிப்பு. விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்புச் சொல்வது விடுதலை. ஜாமீனில் வெளியே வருவது மூன்றாவது. தங்கள் தலைப்பில் மூன்றுமே 'விடுதலை'. விடுவிக்கப்பட்டவர் மீது புது ஆதாரம் கிடைத்தால் மறுபடி வழக்கு வரலாம். விடுதலையானவர் மீது, அந்தத் தீர்ப்பு நிற்கும்வரை, அதே குற்றத்துக்கு மறுபடி வழக்கு நடத்த முடியாது. ஊர்க்காரர்கள் ஒருவரைப் பார்க்கும் பார்வையே இதில் மாறும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜிலும் அணையின் நீர் வெளியேற்றத்திலும் தாங்கள் ஒருநாளும் தவறியதில்லை. வினாடிக்கு எத்தனை கன அடி என்று தசமம் விடாமல் போடுகிறீர்கள். மேட்டூர் தண்ணீருக்குக் கிடைக்கும் மரியாதை மனிதருக்கும் கிடைக்கட்டுமே.

வணிகப் பக்கத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. 'நிறுவனத்தின் மீது வங்கி குற்றச்சாட்டைப் பதிவு செய்தது' என்று படித்து எத்தனை பங்குதாரர்களுக்கு நெஞ்சு அடைத்ததோ. கம்பெனி கடன் வாங்கும்போது அதன் சொத்தை ஈடாகக் காட்டுகிறது. அந்த ஈட்டுப் பொறுப்பைக் கம்பெனிப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம். கடனை அடைத்ததும் ஈடு நீங்கியதையும் அங்கேயே தெரிவிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'சேட்டிஸ்ஃபாக்‌ஷன் ஆஃப் சார்ஜ்'. தங்கள் பக்கத்தில் அது 'குற்றச்சாட்டில் திருப்தி' ஆகியிருந்தது. யாருக்குத் திருப்தி? காலாண்டு முடிவுகளில் வரும் 'ஒன் டைம் சார்ஜ்' இன்னொன்று. அது யாரும் யாருக்கும் கட்டும் 'ஒருமுறைக் கட்டணம்' அல்ல. சொத்தின் மதிப்பு குறைந்தது, ஆலை மூடியது போன்றவற்றுக்காக லாபத்திலிருந்து ஒரே தடவையாகக் கழித்துக்கொண்ட செலவு.

கட்டணம் என்று சொல்ல வேண்டிய இடத்திலோ வரி என்கிறீர்கள். ஓட்டல் பில்லில் வரும் 'சர்வீஸ் சார்ஜ்' சேவை வரி அல்ல, சேவைக் கட்டணம். சேவை வரி 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. வரியைக் கொடுத்தே ஆக வேண்டும். சேவைக் கட்டணத்தை ஓட்டல்காரர் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 'வரி' என்று படித்துப் பழகிய வாசகர், எடுக்கச் சொல்லலாம் என்றே தெரியாமல் பத்து சதவீதம் கொடுத்துவிட்டு வருகிறார்.

வெளிநாட்டுச் செய்திகளில் 'சார்ஜ் தஃபேர்' என்பவரைத் தூதர் என்றே எழுதுகிறீர்கள். அவர் தூதர் இல்லாதபோது தூதரகத்தைக் கவனிக்கும் பொறுப்பாளர். 2019 ஆகஸ்டுக்குப் பின் டெல்லியிலுள்ள பாகிஸ்தான் தூதரகத்திலும் இஸ்லாமாபாத்திலுள்ள இந்தியத் தூதரகத்திலும் தலைமைத் தூதர் இல்லாமல் பொறுப்பாளர்களை வைத்தே காலம் ஓடுகிறது. அங்கே தூதர் இல்லை என்பதே செய்தியாக இருக்கும்போது 'தூதர் நேரில் அழைத்துக் கண்டிக்கப்பட்டார்' என்று போட்டால் எப்படி?

'சார்ஜ்டு'க்குப் பின் 'வித்' வந்தால் குற்றம், 'ஆன்' வந்தால் சுமை என்று குறுக்குவழி சொல்லித் தருபவர்கள் உண்டு. நம்ப வேண்டாம். கலவரத்தை விசாரிக்க அமைத்த ஆணையத்தையும் ஆங்கிலத்தில் 'சார்ஜ்டு வித் இன்வெஸ்டிகேட்டிங்' என்றுதான் எழுதுவார்கள். விசாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்பது அர்த்தம். விசாரித்த குற்றத்துக்காக ஆணையத்தையே கூண்டில் ஏற்றும் நாள் தங்கள் இதழில் தொலைவில் இல்லை.

இவ்வளவும் தாங்கள் அறியாததல்ல. தங்கள் மேசைக்கு வரும் முன் அறிந்தவர் யாருமில்லை என்பதுதான் என் வருத்தம். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொகுப்பு நிதியம் பற்றிய வரிக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், மூன்று வரி போதும். 'தொகுப்பு நிதியத்தின் பொறுப்பில் வரும் செலவுகள், வாக்கெடுப்புக்கு உட்படாதவை' என்று போட்டால் போதுமானது. இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் மற்றதை எல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள், 60 நாள் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளர்,
மதுரை